பழைய ஜீப், ஜிப்ஸியில் ஸ்டியரிங் ஆட்டமும் பிரேக் கோளாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை, ஆறுகாணி பக்கமெல்லாம் இன்றைக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ரப்பர் எஸ்டேட்டுகளில் ரப்பர் பால் கேன், காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் மூட்டை, வேலைக்குப் போகிற ஆட்கள் எல்லாம் அதில்தான். இடையிடையே மாருதி ஜிப்ஸியும் உண்டு. நான் மெக்கானிக் இல்லை. பல வருஷமாக ஒரு எம்எம் 540 ஜீப் வைத்து, அதன் கீழே படுத்துப் படுத்துப் பழகியவன். வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் அதிகமாக இருக்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ஆள் இரண்டு வேண்டும், பத்து நிமிஷம் வேண்டும். ஸ்பானர் வேண்டாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தை நேராக வைத்து, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்துவிடுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்க வேண்டாம். வண்டியின் எடை டயரில் இருக்கும்போதுதான் மூட்டுகளின் உண்மையான ஆட்டம் தெரியும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, ஸ்டியரிங் பெட்டியிலிருந்து (வளையத்தின் தண்டு போய்ச் சேரும் பல்சக்கரப் பெட்டி) சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பாகம் சேருகிற இடத்தில், இரண்டிலும் படும்படி விரலை வையுங்கள். நல்ல மூட்டில் இரண்டும் சேர்ந்து நகரும். தேய்ந்த மூட்டில் ஒன்று முதலில் நகரும், இன்னொன்று ஒரு 'டக்' சத்தத்தோடு பின்னால் வரும். அந்த 'டக்' விரலில் அடிக்கும்.

ஸ்டியரிங் வளையம் திரும்புகிறது, பெட்டிக்கு வெளியே இருக்கிற கையான பிட்மேன் ஆர்ம் அசையவில்லை என்றால் ஆட்டம் பெட்டிக்குள் அல்லது தண்டின் இணைப்பில். பிட்மேன் ஆர்ம் உடனே அசைகிறது, அதோடு சேர்ந்த நீளக் கம்பியான டிராக் லிங்க் தாமதமாக வருகிறது என்றால் நடுவில் இருக்கிற பால் ஜாயின்ட் (பந்து மூட்டு). டிராக் லிங்க் சரியாக வருகிறது, இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு தாமதம் என்றால் அதன் முனை மூட்டான டை ராடு எண்ட். பழைய சிஜே வகை ஜீப்புகளில் இந்தக் கம்பிகளுக்கு நடுவில் பெல் கிராங்க் என்று ஒரு திருப்பு கை இருக்கும். அதன் புஷ் தேய்ந்து மேலும் கீழும் ஆடுவது வெகு சாதாரணம், பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று: பெட்டியையே பாருங்கள். சில வண்டிகளில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பெட்டி முழுதாகவே சேஸிஸில் அசையும். போல்ட் தளர்ந்திருக்கலாம். அல்லது போல்ட் துளையைச் சுற்றி சேஸிஸ் கீறியிருக்கலாம். அந்த இடத்தில் சேறும் துருவும் அப்பிக் கிடக்கும், வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் கீறல் தெரியும். இது தெரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

எவ்வளவு ஆட்டம் பரவாயில்லை என்று கேட்டால், பழைய பெட்டி வைத்த வண்டிக்கு வளையத்தின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வரை நான் பொறுத்துக்கொள்வேன். நான்கு விரல் என்றால் மலைக்கு எடுக்க மாட்டேன்.

பெட்டி மேல் இருக்கிற ஸ்க்ரூவை இறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்கிறார்களே?

போகும். அதுதான் சிக்கல்.

என் வண்டியில் ஒருமுறை ஆட்டம் வந்தபோது, ஒரு பட்டறையில் கீழே குனிந்துகூடப் பார்க்காமல் அந்த ஸ்க்ரூவைத்தான் முறுக்கிக் கொடுத்தார்கள். சும்மா நின்ற இடத்தில் ஆட்டிப் பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. தக்கலை தாண்டி ஒரு வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினேன். வளையம் திரும்பி வரவே இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. கையால் இழுத்துத் திருப்பி, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மேலே சொன்னபடி படுத்துப் பார்த்தால், பெட்டியில் கோளாறே இல்லை. டிராக் லிங்க் முனையில் இருந்த பந்து மூட்டின் கப் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஸ்க்ரூ, பெட்டிக்குள் பற்கள் சேருகிற நெருக்கத்தைச் சரிசெய்வதற்கு. நேராக ஓடும்போது பயன்படுகிற நடுப்பகுதிதான் அதிகம் தேயும், ஓரங்கள் தேயாது. நடுவில் ஆட்டம் இல்லாதபடி அதிகமாக முறுக்கினால், திருப்பும்போது ஓரங்களில் இறுகிப்போய்விடும். அதனால் எல்லா மூட்டும் சரி என்று தெரிந்த பிறகு, கடைசியாகத்தான் அதில் கை வைக்க வேண்டும். வைத்தாலும் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று பைய முறுக்கி, ஒவ்வொரு முறையும் முன்சக்கரத்தைத் தூக்கி, வளையத்தை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது கனத்தால் திருப்பித் தளர்த்துங்கள். கூடவே பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். சீல் கசிந்து காலியான பெட்டியில் கிரீஸை அடைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் திரும்பப் பற்களுக்கு வராது.

ஜாக்கில் தூக்கி சக்கரத்தை ஆட்டினால் ஆடுகிறது. பேரிங்கா, கிங் பின்னா?

டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், இன்னொருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் கிங் பின் (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு) பேரிங். பிரேக் போட்டதும் ஹப்பும், அதைத் தாங்கித் திரும்பும் ஸ்டியரிங் நக்கிளும் ஒன்றாகிவிடும். அப்புறமும் ஆடுவது நக்கிளுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இருப்பதுதான். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்டைப் பாருங்கள்.

ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லை என்றால் தடிமனான மரக்கட்டையாவது ஆக்ஸிலுக்குக் கீழே கொடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் குழியில் விழுந்தால் முன்பக்கம் பயங்கரமாக உதறுகிறது. ஸ்டியரிங் கையைப் பிய்த்துக்கொண்டு போகிறது.

முன்பக்கம் இரண்டு சக்கரமும் ஒரே முழு ஆக்ஸிலில் இருக்கிற வண்டிகளில் இது வரும். ஜிப்ஸிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வந்தால் பதறி பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வளையத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாக இறங்க விடுங்கள். கட்டை விரலை வளையத்துக்கு உள்ளே கோர்த்துப் பிடிக்க வேண்டாம்.

உதறலைத் தொடங்கி வைப்பது ஒன்று, நிற்க விடாமல் தொடர வைப்பது இன்னொன்று. தொடங்கி வைப்பது பெரும்பாலும் டயர்: பேலன்ஸ் இல்லாதது, ஒரு பக்கம் தேய்ந்தது, ரிம்முக்குள் காய்ந்த சேறு. தொடர வைப்பது எங்காவது இருக்கிற தளர்ச்சி: கிங் பின் பேரிங்கின் இறுக்கம் குறைந்தது, டை ராடு எண்ட், பட்டா (லீஃப் ஸ்பிரிங்) தொங்கும் ஷேக்கிளின் புஷ், பட்டாவை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தது. முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள், காசு செலவில்லாத முதல் சோதனை அது. குறைந்தால் டயரில் கோளாறு இருக்கிறது. ஆனாலும் தளர்ச்சியைத் தேடாமல் விடாதீர்கள். தளர்ச்சி இல்லாத வண்டியில் கெட்ட டயர் போட்டால் அதிர்வுதான் வரும், இந்த உதறல் வராது.

ஜிப்ஸியில் அதிர்வை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் புதிதாகப் போட்டதும் உதறல் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. டாம்பர் நோயை மறைக்கும், குணமாக்காது. சில மாதம் கழித்து இன்னும் மோசமாகத் திரும்பி வரும். கிங் பின்னில் ஷிம் என்கிற மெல்லிய தகட்டை எடுத்து இறுக்கம் சரிசெய்வது, பேரிங் மாற்றுவது, இதுதான் பெரும்பாலான ஜிப்ஸிகளில் கடைசியில் போய் நிற்கிற இடம். வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று ஷேக்கிளை நீட்டியிருந்தால் ஆக்ஸிலின் சாய்வு மாறி, காஸ்டர் என்கிற கிங் பின்னின் சாய்வுக் கோணம் கெட்டிருக்கும். அதையும் கணக்கில் எடுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போகும்போது மட்டும் வண்டி தானாக ஒதுங்குகிறதே?

அது காற்று. காற்றாலைகளை அங்கே சும்மா வைக்கவில்லை. தார்ப்பாய் போட்ட, உயரமான, தட்டையான ஜீப்பை அந்தக் கணவாய்க் காற்று தள்ளத்தான் செய்யும். நாகர்கோவில் வந்த பிறகும் ஒதுங்கினால் வாருங்கள், பேசலாம்.

ஃபோர் வீல் டிரைவில் (நான்கு சக்கரத்துக்கும் இழுவை) போட்டால் ஸ்டியரிங் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது.

தார் ரோட்டில் போட்டிருப்பீர்கள். இந்த வண்டிகளில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் எஞ்சின் இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸில் பூட்டினது மாதிரி ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி சமாளித்துக்கொள்ளும், காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. கோளாறு இல்லை. தாருக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள்.

நேராக ஓட்டினாலும் வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போகிறது என்று பின்னால் வந்தவர் சொன்னார்.

பட்டாவின் சென்டர் போல்ட் முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். பட்டாக்களைச் சேர்த்து ஆக்ஸிலின் இருக்கையில் குழியில் உட்காருவது அந்தப் போல்ட்டின் தலைதான். அது முறிந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் முன்னும் பின்னும் நகர்ந்துவிடும். இரண்டு பக்கமும் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள், வித்தியாசம் இருந்தால் அதுதான். கற்பாதையில் பாரம் ஏற்றி ஓடும் வண்டிகளில் யூ போல்ட் தளர்ந்து, அதைத் தொடர்ந்து சென்டர் போல்ட் போவது வழக்கம். பட்டா வேலை செய்த பிறகு கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு யூ போல்ட்டைத் திரும்ப இறுக்க வேண்டும். யாரும் செய்வதில்லை.

பெரிய டயர் போட்டால் ஸ்டியரிங் கெடுமா?

கனக்கும், மூட்டுகள் சீக்கிரம் தேயும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். பழைய ஜீப்புக்கு 6.00-16 என்கிற மெல்லிய டயர்தான் வந்தது. நம் பக்கத்துச் சேற்றுக்கு அந்த மெல்லிய டயர் நன்றாகவே கீறிக்கொண்டு போகும். பவர் ஸ்டியரிங் மாட்டினால் கனம் குறையும், தேய்ந்த மூட்டு தேய்ந்ததாகவே இருக்கும்.

பிரேக் சரியில்லை. மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாஸ்டர் சிலிண்டர் என்பது மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைக் குழாய்களில் தள்ளுகிற பாகம். முதலில் மிதியைக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் மிதிப்பதைச் சவுட்டுவது என்போம். சவுட்டினால் கால் என்ன சொல்கிறது என்பதை வைத்தே பாதிக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்.

முதல் மிதியில் பாதிக்கு மேல் கீழே போய், இரண்டு மூன்று தடவை அடித்தால் மேலே வந்து நன்றாகப் பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் பிரேக் ஷூவுக்கும் அது உரசிப் பிடிக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. பழைய ஜீப்பில் அது தானாகச் சரிசெய்துகொள்ளாது. பின்தட்டில் இருக்கிற, ஷூவைத் தள்ளும் கேமைத் திருப்பி, சக்கரம் பூட்டும்வரை கொண்டுபோய், பிறகு தாராளமாகச் சுற்றும் வரை தளர்த்த வேண்டும். ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனியாக. இதைச் செய்யாமல் மாஸ்டர் சிலிண்டர் மாற்றினவர்கள் ஏராளம்.

மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால், குழாயில் காற்று இருக்கிறது.

மிதித்துப் பிடித்தால் முதலில் நின்று, பிறகு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால், நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் குழாய் மூட்டுகளையும் கசிவுக்குப் பாருங்கள். எங்கும் கசிவு இல்லை என்றால்தான் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே கப் தேய்ந்து எண்ணெய் பின்வாங்குகிறது என்று அர்த்தம். ஆக, அதை மாற்ற வேண்டிய அறிகுறி ஒன்றுதான், அதுவும் மற்றதையெல்லாம் பார்த்த பிறகு.

மிகப் பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை. எந்தச் சக்கரத்தில் கசிந்தாலும் நான்கும் போய்விடும். இரட்டை அறை உள்ளதில் முன்னோ பின்னோ ஒன்றாவது மிஞ்சும். உங்கள் வண்டியில் எது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிதி கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது.

பூஸ்டர் (வேக்குவத்தால், அதாவது காற்று உறிஞ்சலால், மிதிக்குப் பலம் சேர்ப்பது) இல்லாத பழைய மாடல் என்றால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். பூஸ்டர் உள்ளது என்றால் ஒரு சோதனை: எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதியுங்கள், பிறகு மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கால் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவே இல்லை என்றால் வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் போய்விட்டது.

பெட்ரோல் ஜிப்ஸியில் வேக்குவம் எஞ்சினின் உறிஞ்சு குழாயிலிருந்து வருகிறது. டீசலில் அப்படிக் கிடைக்காது என்பதால் தனியாக வேக்குவம் பம்ப் உண்டு. பல மாடல்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், வேக்குவமும் போகும். இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். இறக்கத்தில் சார்ஜ் லைட் எரிந்தால் பேட்டரி போகட்டும் என்று ஓட்டாதீர்கள்.

வேக்குவம் சரி, ஆனாலும் கல் மாதிரி என்றால் ஷூவின் மேல் இருக்கும் லைனிங் பளபளவென்று கண்ணாடி பிடித்திருக்கும், அல்லது எண்ணெய் ஊறியிருக்கும்.

பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது.

முதலில் டயர் காற்று. அப்புறம் சக்கரத்தின் உள்பக்கம். பின்தட்டின் கீழ் விளிம்பில் கறுப்பாக ஈரம் வழிந்து, அதில் மண் ஒட்டி ஒரு வால் மாதிரி நிற்கும். அதை விரலில் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேயுங்கள், மோந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் பிசுபிசுத்தால் கியர் ஆயில், ஆக்ஸில் ஆயில் சீல் போயிருக்கிறது. வழவழவென்று இருந்து, தண்ணீரில் கழுவினால் கரைந்து போய்விட்டால் பிரேக் ஆயில், சக்கரத்துக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. இரண்டுக்கும் வேலை வேறு, செலவும் வேறு.

எது ஊறியிருந்தாலும் அந்த லைனிங்கை பெட்ரோலில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுகிற வேலை வேண்டாம். சூடாகும்போது உள்ளே ஊறியது வெளியே வரும். புதிது போடும்போது இரண்டு பக்கமும் சேர்த்துப் போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் அதுவே இழுக்கும். டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கசிவே இல்லை என்றால், எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வீல் சிலிண்டர் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். இழுக்கிற பக்கம் நன்றாக வேலை செய்கிறது, அதன்மேல் பழி போடக் கூடாது.

காளிகேசத்தில் ஆற்றுக்குள் இறக்கி ஏறினேன். பிரேக்கே இல்லை.

டிரம்முக்குள் தண்ணீர். முதல் கியரில் போய்க்கொண்டே இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். காய்ந்ததும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வேகம் எடுங்கள். ஜிப்ஸியில் முன்பக்கம் டிஸ்க் என்பதால் சீக்கிரம் திரும்பி வரும்.

ஹப் முங்கும் ஆழத்தில் அடிக்கடி இறக்குகிறவர்கள் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் எண்ணெயைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சூடாக ஓடிய ஆக்ஸில் திடீரென்று குளிரும்போது காற்றுத்துளை அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நக்கிளுக்குள் போனால் கிங் பின் பேரிங்கும் துருப்பிடிக்கும். ஸ்டியரிங் ஆட்டத்துக்கு ஆறும் ஒரு காரணம்.

மாறாமலையிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது பாதி வழியில் பிரேக் குறைந்துவிட்டது. கீழே வந்து நிறுத்தி வைத்தால் திரும்ப நன்றாக இருக்கிறது.

பிரேக்கில் கோளாறு இல்லை, ஓட்டிய விதத்தில்தான். எனக்கு ஜீப் ஓட்டப் பழக்கிய டிரைவரை நாங்கள் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். முதல் தடவை மலையிறக்கத்தில் நான் மூன்றாம் கியரில் விட்டபோது அவர் சொன்னார்: "மக்கா, ஏறின கியர்ல இறங்கு. பிரேக்கு நிக்கதுக்கு உள்ளது, இறங்கதுக்கு உள்ளது இல்ல."

தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி விரிகிறது, ஷூ துரத்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. இது ஆறினால் திரும்பி வரும். இன்னொன்று மோசமானது: பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிப் பழையதானால் அதற்கான குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். டாட் 4க்கு இதே எண்கள் 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிறைந்து மிதி தரை வரை போகும். இரண்டு மழைக்காலமும் பெய்கிற ஊரில் ஆயில் ஈரம் உறிஞ்சாமல் இருக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள்.

கிளட்சை அழுத்திக்கொண்டோ நியூட்ரலில் போட்டோ டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன்.

ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி சூடாகிறது.

தூக்கிச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை (குழாயில் காற்று எடுக்கும் சின்ன மூக்கு) தளர்த்துங்கள். கொஞ்சம் எண்ணெய் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு முன்சக்கரத்தில் மட்டும் இப்படி என்றால் பெரும்பாலும் ரப்பர் ஹோஸ்தான் காரணம். வெளியே நன்றாக இருந்து உள்ளே வீங்கி, ஒருவழி வால்வு மாதிரி எண்ணெயைப் போக விட்டுத் திரும்ப விடாது. நிப்பிளைத் திறந்தும் சுற்றவில்லை என்றால் ஷூ ஸ்பிரிங், ஒட்டிக்கொண்ட சிலிண்டர் அல்லது பேரிங். நான்கு சக்கரமும் சூடானால் மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். மிதி கொஞ்சம் சும்மா அசைந்த பிறகுதான் பிஸ்டனைத் தொட வேண்டும்.

பிரேக் குழாயில் காற்று எடுக்கும் வரிசை?

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து. நம் வண்டிகளில் அது வலப்பக்கம் என்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் குழாய் மாட்டி, முனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்க விடுங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் திறந்து, மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். நடுவில் மேலே இருக்கிற ஆயில் டப்பா காலியாகிவிட்டால் முதலிலிருந்து. வழிந்து வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். பெயின்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

கூடாது. ஒரு ஸ்பூன் போதும், எல்லா ரப்பர் கப்பும் வீங்கிப்போகும். டாட் 3, டாட் 4 தங்களுக்குள் கலக்கலாம். டாட் 5 சிலிகான், அதைக் கலக்கக் கூடாது.

குளச்சல், முட்டம் பக்கம் வண்டி நிற்கிறது. தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

பிரேக் குழாய். மலைப்பக்க வண்டியில் சேறு தின்பதைவிட இங்கே உப்புக்காற்று வேகமாகத் தின்னும். சேஸிஸ் ஓரமாகப் பின் ஆக்ஸிலுக்குப் போகும் இரும்புக் குழாயை, கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் பாருங்கள். கிளிப்புக்கு அடியில்தான் உப்பும் மண்ணும் தங்கும். விரல் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தால் மாற்றுங்கள். கடற்கரை மணலில் இறக்கினால் அன்றைக்கே கீழ்ப்பக்கம் நல்ல தண்ணீர் அடியுங்கள். சில இடங்களில் ஏசி வேலைக்கு வரும் செம்புக் குழாயை வைத்து வளைத்துக் கொடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். அதிர்வில் செம்பு இறுகி, கழுத்தில் கீறிவிடும். பிரேக்குக்கென்று வருகிற குழாய்தான் வேண்டும்.

ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் ஜாக்கில் தூக்கியதும் வண்டி உருண்டுவிட்டது. எப்படி?

பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு தனி டிரம். அது ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் உருளும். அதனால் கல் கொடுக்காமல் தூக்கவே கூடாது. ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட்பிரேக் இல்லவே இல்லை. ஓடும்போது இதை ஓங்கி இழுக்கவும் வேண்டாம், ஷாஃப்டும் அதன் மூட்டான கிராஸும் தாங்காது.

நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் மாற்றலாமா?

நன்றாக வேலை செய்யும், ஒழுங்காகச் செய்தால். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கலாம். அதை வைத்துக்கொண்டே டிஸ்க் மாட்டினால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மாற்றவில்லை. சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டும். எதைத் தயார் செய்வது?

சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை. டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். மேலே சொன்ன ஆட்டச் சோதனை, கசிவு, ஹேண்ட்பிரேக் மூன்றையும் ஒரு மாதத்துக்கு முன்பே பாருங்கள். பழைய உதிரி பாகம் ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டி வரலாம்.

ஓடும்போது பிரேக் முழுவதும் போய்விட்டால்?

பம்ப் அடியுங்கள், அடித்துக்கொண்டே இருங்கள், பல நேரம் மூன்றாவது நான்காவது மிதியில் கொஞ்சம் கிடைக்கும். அதே நேரத்தில் ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள். மூன்றிலிருந்து நேராக ஒன்றுக்குத் தாவினால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள், அது எல்லாவற்றையும்விட மோசம். எஞ்சினை ஆஃப் செய்யாதீர்கள். ஹேண்ட்பிரேக்கை பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விட்டு இழுங்கள். அதன்பிறகும் நிற்கவில்லை என்றால் பள்ளத்துப் பக்கத்தை விட்டு மலைப்பக்கம் ஒதுக்கி, மண் மேட்டில் பக்கவாட்டை உரசவிடுங்கள். எங்கள் சாலைகளில் மலைப்பக்கம் பெரும்பாலும் செம்மண் வெட்டுதான், மட்கார்டு போகும். நின்றதும் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் கீழே குனிந்து பார்க்க வேண்டும்.